தனியா வச்சா வட்டம், மாட்டினா ஓவல்: டிரம் பிரேக் உதறல் அனுபவங்கள்

காட்பாடி அம்பாசிடர்

பிரேக்கை மிதிச்சா ஸ்டியரிங் உதறுது. இந்த ஒரு வியாதியோட ஆறு மாசம் மல்லுக்கட்டி, 11,000 ரூபாய்க்கு மேல தண்டம் அழுது, கடைசியில ஒரு அரத்தாலயும் கம்பி பிரஷ்ஷாலயும் தீர்ந்த கதையை எழுதறேன். டிரம் பிரேக் வண்டி வச்சிருக்கிறவங்க உங்க கதையையும் எழுதுங்க. நம்ம பக்கம் இந்த வண்டிங்களைத் தொட்டுப் பழகின கைங்க குறைஞ்சுகிட்டே வருது.

வண்டி 1986 அம்பாசிடர் மார்க் 4, டீசல். அப்பா 1991ல செகண்ட் ஹேண்டா வாங்கினது. அப்போ இது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். பேரு மாறி, 2019ல மாவட்டமே மூணா உடைஞ்சும் போச்சு. வண்டி மட்டும் அதே வேப்பமரத்தடியில நிக்குது.

இந்த வண்டியில நாலு சக்கரமும் டிரம்தான். டிரம்னா சக்கரத்தோட சேர்ந்து சுத்துற இரும்புக் கிண்ணம், உள்ள இருக்கிற ஷூங்க விரிஞ்சு அதை அமுக்கினா வண்டி நிக்கும். முன் சக்கரம் ஒவ்வொண்ணுலயும் ஷூவைத் தள்ளுற வீல் சிலிண்டர் ரெண்டு, ஷூவுக்கு ஒண்ணு. ரெண்டு ஷூவும் சக்கரம் சுத்துற திசையிலயே போய் ஒட்டும், அதனால சுத்துற டிரம்மே ஷூவைத் தன்கூட இழுத்து இன்னும் இறுக்கிக்கும். என் வண்டியில மிதியோட பலத்தைக் கூட்டுற பூஸ்டர் கிடையாது. அது இல்லாமலே வண்டி நிக்கிறது இந்த வித்தையாலதான். ஆனா டிரம்முல இம்மி கோணல் இருந்தாலும் அதையும் இதே வித்தை பெருசாக்கி ஸ்டியரிங்குல காட்டிடும்.

போன பொங்கல் லீவுல குடும்பத்தோட ஏலகிரி போனோம். போறதுக்கு நாலு நாள் முன்னாடி முன் டயர் ரெண்டும் புதுசு போட்டேன் (இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க, நான்தான் மறந்துட்டேன்). இறங்கும்போது பேச்சு சுவாரஸ்யத்துல மூணாவது கியர்லயே விட்டு, பதினாலு கொண்டை ஊசியையும் பிரேக்காலயே இறக்கிட்டேன். பொன்னேரி வந்ததும் கருகின வாசனை. பின்சீட்ல இருந்து என் மாமியார், "மாப்ள, யாரோ ரப்பரை எரிக்கிறாங்க"ன்னாங்க. யாரும் எரிக்கல, நம்ம லைனர்தான் (ஷூமேல இருக்கிற உராய்வுப் பட்டை). ஓரம் கட்டி டீ குடிச்சு, ஆறவிட்டுக் கிளம்பினோம். வாணியம்பாடி, ஆம்பூர் எல்லாம் தாண்டி பள்ளிகொண்டா டோல்கேட்டுக்கு முன்னாடி 60ல இருந்து பிரேக் அடிச்சேன். ஸ்டியரிங் ரெண்டு பக்கமும் படபடன்னு அடிச்சுக்கிச்சு. மிதியும் காலடியில டக் டக்னு எகிறுது.

ஏலகிரியிலதான் டிரம் சூடேறி கோணிக்கிச்சுன்னு அன்னிக்கே தீர்ப்பு எழுதிட்டேன். அந்தத் தீர்ப்புதான் ஆறு மாசத்தைத் தின்னுச்சு.

முதல்ல அலைன்மென்ட், பேலன்சிங். பிரயோஜனம் இல்லை. பிரேக் அடிக்காம 80ல போனா வண்டி தேர் மாதிரி நிதானமாப் போகுது, மிதிச்சாத்தான் ஆட்டம். அப்புறம் பேலன்சிங்குக்கு ஏன் போனேன்? கடைக்காரர் சொன்னாரு, போனேன். அடுத்து டை ராடு எண்டு ரெண்டு. பழசு தேஞ்சுதான் இருந்தது, அந்தக் காசுக்கு வருத்தமில்லை. ஆட்டம் கொஞ்சம் குறைஞ்சது, போகல. ஸ்டியரிங் ஜாயின்ட் தேஞ்சிருந்தா உதறலைக் கூட்டிக் காட்டும், ஆனா உதறலைப் பிறப்பிக்கிறது வேற இடம். அதுக்கப்புறம் புது லைனர் அடிச்சேன். முன்னைவிட மோசம். புது லைனர் டிரம்மோட உட்கார்ற வரைக்கும் நடுவுல மட்டும் தேய்க்கும், பிடிக்கிற இடம் குறையும், ஆட்டம் கூடும்னு அப்போ எனக்குத் தெரியாது.

சரின்னு முன் டிரம் ரெண்டையும் கழட்டி ஒரு லேத்துல கொடுத்து லேசா கடைஞ்சு வாங்கினேன். மாட்டினதும் வண்டி வெண்ணெய் மாதிரி நின்னுச்சு. மூணு வாரம் ராஜா மாதிரி சுத்தினேன். நாலாவது வாரம் மறுபடி படபட.

இங்கதான் நான் நிதானமா உட்கார்ந்து யோசிச்சிருக்கணும். அதை விட்டுட்டு டிரம் போட்ட இரும்பே சரியில்லை, புதுசு வாங்கணும்னு அலைஞ்சேன். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் உத்தர்பாராவுல 2014லயே கடையைச் சாத்திட்டாங்க. இப்போ கிடைக்கிறதெல்லாம் யாரோ கழட்டினது, இல்ல பேர் தெரியாத டப்பாவுல வர்றது. அந்த அலைச்சல்லதான் கொணவட்டம் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன். பெரியவர் ஒருத்தர், எழுபது இருக்கும். டிரம்மை வாங்கி விரலாலத் தடவினாரு, திருப்பிக் கொடுத்தாரு.

"டிரம்மை மட்டும் தனியா எடுத்துகினு வந்தா நான் இன்னாத்த பாக்கறது? தனியா கீறப்ப அது வட்டமாத்தான் கீது. மாட்டுனா இன்னா ஆவுதுன்னு யாருக்குத் தெரியும்? ஹப்பையும் கழட்டிகினு வா போ."

மறுநாள் ஹப்போட (டிரம்மும் சக்கரமும் மாட்டுற நடு இரும்பு) போனேன். ஹப்பை லேத்துல ஏத்தி, டிரம்மைச் சும்மா அதுமேல உட்காரவச்சு, உள்பக்கம் டயல் கேஜ் முள்ளை ஒட்டவச்சுக் கையால மெதுவா சுத்தினாரு. முள்ளு அசைஞ்சும் அசையாம ஒரு நாலு கோடு. ஒரு கோடு ஒரு மில்லிமீட்டர்ல நூறுல ஒரு பங்கு. "பாத்தியா, நல்லா கீது." அடுத்து டிரம் மேல வாஷர் போட்டு வீல் நட்டு அஞ்சையும் மாட்டி, டயர் கடைக்காரன் இறுக்குற மாதிரியே நீளப் பைப் சொருகி ஒரு பக்கமா வரிசையா இறுக்கினாரு. மறுபடி சுத்தினாரு. முள்ளு எழுந்து முப்பது கோட்டைத் தாண்டிப் போச்சு, இறங்குச்சு, எதிர்ப்பக்கம் வந்ததும் மறுபடி ஏறுச்சு. அதே டிரம், அதே நிமிஷம். வட்டமா இருந்தது என் கண்ணு முன்னாடியே ஓவல் ஆச்சு.

கழட்டி ஹப்போட முகத்தை டார்ச் அடிச்சுக் காட்டினாரு. வீல் நட்டு ஏறுற ஸ்டட்டுல ரெண்டைச் சுத்தி இரும்பு உதடு மாதிரி லேசா எழும்பியிருக்கு. மட்டப்பலகையை வச்சாதான் தெரியும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. பைப் போட்டு வருஷக்கணக்கா இறுக்கி இறுக்கி ஸ்டட்டு இழுத்த இழுப்புல இரும்பே மேல வந்திருக்கு. மத்த இடத்துல முப்பது வருஷத்துத் துருவும் பெயின்ட்டும் பக்கா படிஞ்சிருக்கு. இந்த மேடு பள்ளத்துமேல டிரம்மை வச்சு இறுக்கினா, டிரம் என்ன பண்ணும், அது மேட்டுக்குத் தக்க வளையத்தான் செய்யும்.

அரத்தை எடுத்து அந்த ரெண்டு உதட்டையும் மட்டம் பண்ணாரு. மிச்சத்தைக் கம்பி பிரஷ். டிரம்மோட பின்பக்கமும் அதே. அப்புறம் நட்டை ஒண்ணு விட்டு ஒண்ணு, நட்சத்திரம் போடற மாதிரி, மூணு சுத்தா இறுக்கினாரு. முள்ளு அஞ்சாறு கோட்டுக்கு மேல போகல. ஹப்போட சேர்த்தே ஒரு இழை மட்டும் கடைஞ்சு விட்டாரு. வார்ப்பிரும்பு சுருளா வராது, கருப்பா மிளகுத்தூள் மாதிரி உதிரும். அந்தத் தூளைக் கையில அள்ளிப் பார்த்தேன், ஒரு டீஸ்பூன்கூட இருக்காது. ரெண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 700 ரூபாய்.

வீட்டுக்கு வந்து டைரியைப் புரட்டினேன் (டீசல் கணக்கு எழுதற பழக்கம்). முதல் உதறல், புது டயர் போட்ட வாரம். லேத் முடிஞ்சு மூணு வாரம் நல்லா இருந்தது. ஏன்னா அப்போ சக்கரத்தை மாட்டினது எங்க மெக்கானிக், கை ஸ்பேனரால. நாலாவது வாரம் சித்தூர் ரோட்டுல முன் சக்கரம் பஞ்சர், ஒட்டினது ஒரு ரோட்டோரக் கடை. மறுநாள் உதறல். எல்லாம் என் கையெழுத்துலயே இருக்கு. ஏலகிரி மேல போட்ட பழி வீண்பழி. நான் பிரேக்கைக் கருக்கினது நிஜம்தான், சூட்டுல அந்தக் கோணல் இன்னும் கூடியிருக்கும், ஆனா முதல் குற்றவாளி மலை இல்லை.

---

ஒடுகத்தூர் ஜீப்பு

ணா, உங்களுக்கு ஸ்டியரிங்குல வந்துச்சு. எனக்கு சீட்டுல வந்துச்சு.

மஹிந்திரா ஜீப்பு, டீசல். தோட்டத்துல இருந்து தக்காளி, கத்திரி ஏத்திகினு வேலூர் மார்க்கெட்டுக்கு விடியக்காலம் போற வண்டி. பிரேக் அடிச்சா பின்னாடி இருந்து கடகடகடன்னு ஒரு உதறல், முதுகெலும்புல ஏறும். லோடு இருந்தா கம்மி, காலியா வந்தா ஜாஸ்தி. ஸ்டியரிங்குல ஒண்ணும் இல்லை.

ஒரு பட்டறையில பின் டிரம்மைக் கழட்டி "ஓவல் ஆயிடுச்சு"ன்னு அளக்காமலே சொல்லிக் கடைஞ்சாங்க. போகல. லைனர் மாத்தினாங்க. போகல. டிரம் ஏற்கெனவே நாலு வாட்டி கடைஞ்சது, இதுக்கு மேல கடைஞ்சா வெடிக்கும்னு நானே நிறுத்தினேன். டிரம்முக்கு எல்லை உண்டு, நிறைய டிரம்முல அந்த அளவைப் பொறிச்சே இருப்பாங்க. மெலிஞ்சா சூடு தாங்காது, சீக்கிரம் கோணும்.

எங்க சித்தப்பா லாரி ஓட்டினவரு. வந்து வண்டிக்கு அடியில படுத்தாரு. என் பொண்ணோட பையில இருந்து ஒரு சாக்பீஸ் கேட்டாரு. பின் ஆக்சில் மேல கட்டு பட்டை (ஸ்பிரிங் பட்டை) உட்கார்ற இடத்துல, பட்டைக்கும் ஆக்சிலுக்கும் சேர்த்து குறுக்கால ஒரே கோடு இழுத்தாரு. "போய் ரெண்டு வாட்டி நல்லா அடிச்சுட்டு வா"ன்னாரு. அடிச்சுட்டு வந்து பார்த்தா கோடு ரெண்டா ஒடைஞ்சு கீது. விரக்கடை அளவு விலகல்.

பட்டையையும் ஆக்சிலையும் சேர்த்துக் கட்டற யூ போல்ட்டு நாலுல மூணு லூஸ். கட்டுக்கு நடுவுல போற சென்டர் போல்ட்டு அறுந்தே போயிருக்கு. பிரேக் புடிச்சா ஆக்சில் முன்னால முறுக்கிக்கும், பட்டை அதைத் திருப்பி அடிக்கும், மறுபடி முறுக்கும். அந்த ஆட்டம்தான் என் சீட்டுல ஏறுனது. பிரேக்குல ஒரு கோளாறும் இல்லை. போல்ட்டு செட்டு 450 ரூபா. டிரம்மை வீணா தேச்சதுதான் வயிறு எரியுது.

---

ஆற்காட்டு புல்லட்

காட்பாடி அண்ணே, நீங்க எழுதின "தனியா வட்டம், மாட்டினா ஓவல்"ஐப் படிச்சதும் சிரிச்சுட்டேன். எனக்கு இது ரெண்டு சக்கரத்துல நடந்தது.

1998 புல்லட் 350. முன்னாடி டிரம். பாலாத்துப் பாலத்துமேல ராணிப்பேட்டை பக்கம் இறங்கும்போது முன் பிரேக்கைப் பிடிச்சா ஹேண்டில் நடுங்கும், லீவர் விரலுக்குள்ள துடிக்கும். டிரம்மைக் கடையணும்னு சக்கரத்தோட ஸ்போக்கெல்லாம் பிரிச்சு, வெறும் ஹப்பை லேத்துல கொடுத்தேன். சுத்தமாக் கடைஞ்சு கொடுத்தாங்க. திரும்ப ஸ்போக் கட்டி, ரிம் ஆடாம டைட் வச்சு மாட்டினேன். அதே நடுக்கம், அச்சு அசலா.

ஸ்போக்குங்க ஹப்பை நாலாபக்கமும் இழுத்துகிட்டு இருக்கு. ஒரு பக்கம் அதிகமா, ஒரு பக்கம் கம்மியா இழுத்தா டிரம்மோட வட்டமே அசையும். ரிம் ஆடாம இருந்தா போதும்னு சில ஸ்போக்கை முறுக்கித் தள்ளியிருக்காங்க. ஸ்பேனரால ஒவ்வொண்ணாத் தட்டினா சத்தத்துலயே தெரியும். சிலது டிங்குன்னு வீணைக்கம்பி மாதிரி, சிலது தொப்புன்னு. எல்லாத்தையும் தளர்த்தி, ஒரே சத்தம் வர்ற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, அதுக்கப்புறம் கட்டின சக்கரத்தை அப்படியே லேத்துல ஏத்திக் கடையச் சொன்னேன். பெரிய லேத் இருக்கிற இடம் தேடி வாலாஜா வரைக்கும் போக வேண்டியிருந்தது. இப்ப ரெண்டு வருஷம் ஆச்சு, லீவர் அசையறதில்லை.

---

குடியாத்தம் 23

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? முன்னாடி டிஸ்க் பிரேக் மாத்திட்டு நிம்மதியா இருங்க.

---

ஓய்வுபெற்ற டிரைவர்

டிஸ்க் மட்டும் உதறாதா தம்பி? வீல் நட்டைக் கன்னாபின்னான்னு இறுக்கினா டிஸ்க்கும் ஆட்டம் காட்டும். காசு இருந்தா மாத்திக்கோ, நோய் தெரியாம மாத்தாதே.

காட்பாடி தம்பிக்குத்தான் ரெண்டு வார்த்தை. நீ மலையைக் குற்றவாளி இல்லைன்னு விடுவிச்சுட்டே. நான் விடமாட்டேன். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினவன், அதுல பாதி போளூர், ஜமுனாமரத்தூர் மலைப்பாதை. ஏறின கியர்லயே இறங்குன்னு எங்க சீனியர் முதல் நாளே சொல்லிக் கொடுத்தாரு. இன்ஜின் பிடிக்கட்டும், பிரேக் துணைக்கு மட்டும். மூணாவது கியர்ல பதினாலு வளைவு இறக்கினேன்னு எழுதறே, குடும்பம் வேற உள்ள. டிரம் சூடானா விரியும், ஷூவை விட்டு விலகும், மிதி ஆழமாப் போகும். அதுக்கு மேல சூடானா லைனரே பிடிப்பு விட்டுடும். உதறலோட தப்பிச்சே.

ஆறவிட்டுக் கிளம்பினேன்னு சொல்றியே, ஆறும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்து விட்டியா? அதை எழுதவே இல்லை. கொதிக்கிற டிரம்மை ஷூ ரெண்டு பக்கமும் அமுக்கிப் பிடிச்சுகிட்டே ஆறவிட்டா, அந்த அமுக்கின வடிவத்துலயே நின்னுடும். பின் டிரம் ஓவல் ஆகிறதுக்கு நான் பார்த்த காரணத்துல இது பெருசு. மேடு பள்ளம் இல்லாத இடமாப் பார்த்து, கியர்ல போட்டு, சக்கரத்துக்குக் கல்லு கொடுத்து, ஹேண்ட் பிரேக் இல்லாம நிறுத்தணும். இன்னும் சில பேர் புகை வருதுன்னு வாளியில தண்ணி மொண்டு ஊத்துவாங்க. வார்ப்பிரும்பு அது. கோணலோட போனா அதிர்ஷ்டம், கீறல் விட்டாலும் விடும்.

இன்னொண்ணு. டிரம்மைக் கழட்டினதும் உள்ள இருக்கிற தூசியை ஏர் ஹோஸ் வச்சு ஊதற பழக்கம் நம்ம பட்டறைங்கள்ல இன்னும் போகல. பழைய லைனர்ல கல்நார் இருக்கும். நுரையீரல்ல போனா வெளிய வராது. ஈரத்துணியால துடைச்சு எடுங்க. டிப்போவுல எங்ககூட இருந்த எல்லாரும் வாயால ஊதினவங்கதான், அதைப் பத்தி இங்க எழுத வேணாம்.

---

அணைக்கட்டு பத்மினி

எனக்கு ஒரு சின்னக் கதைதான், வண்டி பத்மினி கார். பின்பக்கம் ஒரே ஒரு சக்கரம் மட்டும் கவ்விக் கவ்விப் பிடிச்சது, காலையில முதல் நாலு பிரேக்குக்கு ரொம்ப மோசம். கழட்டிப் பார்த்தா ஆக்சில் ஆயில் சீல் கசிஞ்சு லைனர்ல பாதி எண்ணெய். எண்ணெய் பட்ட லைனர் வழுக்கும்னுதான் நினைச்சிருந்தேன். கொஞ்சமா பட்டா பிசின் மாதிரி ஆகி இழுத்துக் கவ்வவும் செய்யும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது. பெட்ரோல்ல கழுவி மறுபடி மாட்டலாம்னு பட்டறையில சொன்னாங்க. ஊறின எண்ணெய் சூடானா திரும்ப வெளிய கசியும், கழுவினா போகாது. சீல் மாத்தி, ரெண்டு பக்கமும் புது லைனர் போட்டதும் சரியாச்சு.

ஒரு கேள்வி. லேத் வசதி பக்கத்துல இல்லாதவங்க, ஓவலான்னு வீட்டுலயே எப்படிப் பார்க்கறது?

---

காட்பாடி அம்பாசிடர்

டிரைவர் ஐயா, ஒத்துக்கிறேன். ஹேண்ட் பிரேக்கை முழுசா இழுத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போனேன். நீங்க கேட்டதும் வயித்துல புளி கரைச்சது. பின் டிரம் ரெண்டையும் இந்த ஞாயித்துக்கிழமை கழட்டிப் பார்த்தேன். நல்லவேளை, முன்பக்கம்தான் கருகியிருந்தது, பின்பக்கம் பெருசா ஒண்ணும் இல்லை. இனி கியரும் கல்லும்தான்.

அணைக்கட்டுக்கு, நான் இப்போ செய்யறதைச் சொல்றேன். முதல்ல ரோட்டுல. விடியக்காலம் அஞ்சரை மணி வாக்குல, முன்னாலயும் பின்னாலயும் வண்டி இல்லாத நேரம் பார்த்து, 30ல போய்க்கிட்டே மிதியைத் தொடாம ஹேண்ட் பிரேக்கை மட்டும் மெதுவா இழுக்கணும். பட்டனை அழுத்தினபடியே இழுங்க, கையை விட்டதும் பிரேக்கும் விடணும், இல்லேன்னா பின் சக்கரம் பூட்டிக்கும். ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். அதுல உதறினா பின்பக்கம். அதுல சுத்தமா இருந்து, மிதியில மட்டும் உதறினா முன்பக்கம் மேல சந்தேகம். எனக்கு இந்த ஒரு சோதனை முதல் வாரமே தெரிஞ்சிருந்தா பாதிக் காசு மிச்சம்.

அடுத்து வீட்டுல. முன்பக்கம் ஜாக்கி ஏத்தி, ஸ்டாண்டு வச்சு (ஜாக்கியை மட்டும் நம்பி கையை உள்ள விடாதீங்க), சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. கடகடன்னா முதல்ல பேரிங், கிங் பின் (முன் சக்கரம் திரும்புற அச்சு) பக்கம் போங்க. அது சரியா இருந்தா, சக்கரத்து ஓட்டை வழியா ஸ்க்ரூடிரைவர் விட்டு ஒரே ஒரு ஷூவோட அட்ஜஸ்டரை (ஷூவை டிரம்முக்குக் கிட்ட தள்ளுற திருகு) மட்டும் லேசா உரசற வரைக்கும் ஏத்துங்க. ரெண்டையும் ஏத்தினா குழப்பும். இப்போ சக்கரத்தை மெதுவாக் கையால சுத்திக் காதைக் கொடுங்க. சுத்துக்கு ஒரு தடவை "சர்"னா டிரம் மையம் விலகி உட்கார்ந்திருக்கு, ஹப் முகத்துல துருவோ மண்ணோ பாருங்க. சுத்துக்கு ரெண்டு தடவை, எதிரும் புதிருமா உரசினா ஓவல்.

பெரியவர்கிட்ட கத்துக்கிட்டதை வச்சு நானே சேர்த்துக்கிட்ட சோதனை இதுக்கு அடுத்தது. அந்த உரசல் கேட்கும்போதே வீல் நட்டு அஞ்சையும் தளர்த்தி, கையால மட்டும் திருகி விட்டு, மறுபடி சுத்துங்க. உரசல் அப்படியே இருந்தா டிரம்மே கோணல், லேத்துக்குப் போங்க. உரசல் மறைஞ்சா டிரம் நல்லது, இறுக்கின விதமோ உட்கார்ற இடமோதான் கோளாறு. என் வண்டியில வலது முன் சக்கரத்துல பழைய நட்டு இறுக்கத்தை வேணும்னே திரும்ப வச்சுப் பார்த்தேன். ஹப்பை மட்டம் பண்ணின பிறகும், ஒரு பக்கமா இறுக்கினா லேசா அந்த "சர்" வருது.

லைனர் உட்கார்ற விஷயம் கேட்காமலே சொல்றேன், ஏன்னா நான் அதுல ஏமாந்தேன். டிரம் உள்பக்கம் முழுக்க சாக்பீஸ் பூசி மாட்டி, சக்கரத்தைச் சுத்தி லேசா ஒரு மிதி. கழட்டிப் பார்த்தா லைனர்ல எங்க வெள்ளை ஒட்டியிருக்கோ அங்கதான் பிடிக்குது. நடுவுல மட்டும் வெள்ளைன்னா டிரம் வட்டம் பெருசு, லைனர் வளைவு சின்னது. கடைஞ்ச டிரம்முக்குப் புது லைனர் போட்டா இப்படித்தான் வரும், கொஞ்சம் ஓடினா தேய்ஞ்சு சேரும். ரெண்டு ஓரத்துல மட்டும் வெள்ளைன்னா உடனே கவனிங்க, அது கவ்வும், கத்தும், உதறும். லைனரை டிரம்முக்கு ஏத்தபடி தேய்க்கணும், முன் ஓரத்தைக் கொஞ்சம் சாய்வாவும் சீவி விடலாம். கடைஞ்சா இடது வலது ரெண்டும் ஒரே அளவுக்குக் கடையணும், இல்லேன்னா வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

ஜீப்பு தம்பி, உங்க சித்தப்பா சாக்பீஸ் கோடு பிரமாதம். பார்த்துட்டுப் போய் என் பின் யூ போல்ட்டுல நானும் ஒரு கோடு போட்டு வச்சிருக்கேன்.

---

ஒடுகத்தூர் ஜீப்பு

ணா, டயர் கடையில அப்பால இன்னா ஆச்சு? சண்டை போட்டியா?

---

காட்பாடி அம்பாசிடர்

சண்டை எதுக்கு. போன வாரம் மறுபடி பஞ்சர், அதே முன் சக்கரம், அதே சித்தூர் ரோடு. கடைப் பையன் டியூபை ஒட்டி டயரை ஏத்திட்டு, பழக்க தோஷத்துல பைப்பை எடுத்தான். "தம்பி, நட்டை நான் இறுக்கிக்கிறேன்"னு டிக்கியில இருந்து என் ஸ்பேனரை எடுத்தேன். "இன்னா சார், எங்க மேல நம்பிக்கை இல்லியா?"ன்னான். உச்சி வெயில், தார் ரோடு கொதிக்குது, முட்டிக்கு அடியில அவன் ஒரு சாக்கைப் போட்டு விட்டான். ஒண்ணு விட்டு ஒண்ணு, மூணு சுத்து. ஜாக்கி இறக்கினதும் இன்னொரு சுத்து. பையன் பக்கத்துல குந்திக்கினு பார்த்துகிட்டே இருந்தான். ஏன் இப்படின்னு கேட்டான், சொன்னேன். அடுத்து வந்து நின்ன மினி லாரிக்கு அவன் நட்சத்திரமாத்தான் இறுக்கினான், ஆனா பைப்பை விடல.

நூறு கிலோமீட்டர் ஓடினதும் நட்டை ஒருமுறை பிடிச்சுப் பார்த்தேன், ஒண்ணும் தளரலை. பள்ளிகொண்டா டோல்கேட்டுல 60ல இருந்து அடிச்சும் பார்த்தாச்சு. மாமியார் பின்சீட்ல தூங்கிட்டு இருந்தாங்க, எழுந்திருக்கலை.